பண்ணை கழித்த கோழிக்கு வளவில் ஓர் இடம்



பெரிய முட்டைப் பண்ணைகளிலிருந்து வயது வந்த பேடுகளை லொறியில் ஏற்றிவந்து, ஊருக்குள் உயிருடன் விற்பவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். கழுத்திலும் முதுகிலும் இறகு உதிர்ந்து, கொண்டை வெளிறி, ஒன்றன் மேல் ஒன்றாக அடைபட்டிருக்கும் கோழிகள் அவை. விலை குறைவு. "முட்டை போட்டு முடிந்த கோழிதானே, இரண்டு நாள் கறிக்கு ஆகும்" என்று வாங்குகிறோம். இன்னும் சிலர், "வளவில் விட்டால் முட்டை போடும்" என்று எண்ணி ஐந்தாறு கோழிகளை வாங்கி, அன்று மாலையே ஊர்க்கோழிகளோடு சேர்த்து விடுகிறார்கள். ஒரு மாதத்துக்குள் வந்த கோழியும் இல்லை, வீட்டில் இருந்த கோழியும் இல்லை என்ற நிலை ஏற்படுவதுண்டு.

அந்தக் கோழி உண்மையில் முடிந்து போன கோழியா? அதை வளவில் வாழவைக்க இயலுமா? அதில் குடும்பத்துக்கு இலாபம் உண்டா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்ணை ஏன் கழிக்கிறது?

பண்ணைகளில் வளரும் கலப்பின முட்டைக்கோழி ஏறக்குறைய 18 முதல் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்குகிறது. 30 வாரமாகும்போது நூறு கோழிகளில் தொண்ணூறுக்கு மேற்பட்டவை நாள்தோறும் முட்டையிடும். ஒரு வருடத்தில் ஒரு கோழி 300 முட்டை வரை தரும். நமது ஊர்க்கோழியோ நான்கு அடையில் 40 முதல் 60 முட்டை தந்தால் பெரிய காரியம். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

72 முதல் 80 வாரம் ஆகும்போது பண்ணைக் கோழியின் முட்டை குறைகிறது, ஓடும் மெல்லியதாகிறது. அது சாப்பிடும் தீன் மட்டும் குறைவதில்லை. முட்டையிட்டாலும் இடாவிட்டாலும் நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தீன் வேண்டும். எனவே பண்ணைக்காரர் கணக்குப் பார்த்து, பழையதை விற்றுப் புதியதை இறக்குகிறார். கழிக்கப்படும் அந்தக் கோழிக்கு அப்போது வயது ஒன்றரை வருடம்தான். நோய்நொடியும் பிராணிகளின் வாயும் தவிர்க்கப்பட்டால், ஒரு கோழி ஐந்து வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. பண்ணையின் கணக்கில் அது முடிந்துவிட்டது; அதன் ஆயுள் முடியவில்லை.

கூட்டுக்குள் ஒரு வருடம்

பற்றறிக் கூடு எனப்படும் கம்பிக் கூட்டில் ஒரு கோழிக்குப் பல நாடுகளில் வழமையாகக் கொடுக்கப்பட்ட இடம் 450 சதுர சென்ரிமீற்றர். நாம் கடிதம் எழுதும் ஏ4 தாளின் பரப்பு 620 சதுர சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம். அந்தத் தாளை விடச் சிறிய இடத்தில், செட்டையை விரிக்கவும் முடியாமல், மண்ணைக் கிளறாமல், கொம்பில் ஏறாமல் அது ஒரு வருடத்துக்கு மேல் நிற்கிறது.

இது பற்றி முதலில் உரத்துப் பேசியவர்களில் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ரூத் ஹரிசன் என்ற பெண்மணி. 1964இல் அவர் எழுதிய நூல் அந்நாட்டு அரசாங்கத்தையே ஒரு விசாரணைக் குழு அமைக்கச் செய்தது. 1965இல் வெளியான அக்குழுவின் அறிக்கையிலிருந்தே, பசி தாகமின்மை, வசதியான இருப்பிடம், நோய் வலியிலிருந்து பாதுகாப்பு, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, அச்சமின்மை என்ற "ஐந்து சுதந்திரங்கள்" பின்னர் உருவாயின. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் எடுத்த தீர்மானத்தின்படி, 2012 ஜனவரி முதல் பழைய வகைப் பற்றறிக் கூடுகள் அங்கே தடை செய்யப்பட்டன. கழித்த கோழிகளைப் பண்ணைகளிலிருந்து பெற்று வீடுகளுக்கு வளர்க்கக் கொடுக்கும் அமைப்பொன்றும் இங்கிலாந்தில் 2005இல் தொடங்கப்பட்டது.

இதெல்லாம் மேல்நாட்டார் கண்டுபிடித்த இரக்கம் என்று நாம் நினைக்க வேண்டியதில்லை. இளைஞர் சிலர் ஒரு கோழியைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடுவதைக் கண்ட இப்னு உமர் (ரழி) அவர்கள், இப்படிச் செய்பவரை நபி (ஸல்) அவர்கள் சபித்திருப்பதாகக் கண்டித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. அங்கே பேசப்பட்டது குதிரையோ ஒட்டகமோ அல்ல, ஒரு கோழி. அப்படியிருக்க, கால் இரண்டையும் கட்டித் தலைகீழாக சைக்கிள் கைப்பிடியில் தொங்கவிட்டு, வெயிலில் மைல் கணக்கில் கோழியைக் கொண்டு செல்லும் நம் ஊர் வழக்கத்தை நாம் எப்படி நியாயப்படுத்துவது?

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

இரக்கம் மட்டும் போதாது, ஆயத்தமும் வேண்டும். முதன்முறையாக வாங்குவோர் நான்கு அல்லது ஐந்து கோழிகளோடு நிறுத்திக் கொள்வது நல்லது. ஒன்றைத் தனியாக வாங்காதீர்கள். கோழி கூட்டமாக வாழும் இனம்.

இறகில்லாத கோழி என்று ஒதுக்க வேண்டாம். இறகு சில வாரங்களில் மீண்டும் முளைக்கும். கண்ணையும் மூக்கையும் மூச்சையும் பாருங்கள். கண் தெளிவாக இருக்க வேண்டும். மூக்கில் சளி, மூச்சில் கரகரப்பு, பச்சை நிறக் கழிச்சல், தொங்கிய செட்டை, முறுகிய கழுத்து ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் அந்த லொறியிலிருந்து எந்தக் கோழியையும் வாங்க வேண்டாம். வயிறு வீங்கித் தாராவைப் போல நிமிர்ந்து நிற்கும் கோழிக்கு முட்டைப்பையில் நோய் இருக்கலாம். அதிகம் முட்டையிடும் இனங்களுக்கு வயது போகப் போக வரும் நோய் அது, பெரும்பாலும் குணமாவதில்லை.

கொண்டுவரும்போது காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைத்து, காலை அல்லது மாலை வேளையில் கொண்டு வாருங்கள். கூட்டில் வளர்ந்த கோழியின் எலும்பு மிகவும் பலவீனமானது. உடம்பிலுள்ள கல்சியமெல்லாம் முட்டை ஓட்டுக்குப் போய்விட, நடமாட்டமும் இல்லாததால், செட்டையைப் பிடித்து இழுத்தாலே எலும்பு முறிந்துவிடும். இரு கைகளாலும் உடம்போடு சேர்த்துத் தூக்க வேண்டும்.

முதல் மூன்று வாரங்கள்

வந்த கோழிகளை உங்கள் ஊர்க்கோழிகளிலிருந்து மூன்று வாரமாவது தனியாக வைக்க வேண்டும். இக்கட்டுரையில் ஒரேயொரு விடயத்தை மட்டும் நினைவில் வைப்பதானால் இதையே வைத்துக் கொள்ளுங்கள். பண்ணைக் கோழிக்குத் தடுப்பு மருந்து ஏற்றப்பட்டிருக்கும். ஆகவே நோய்க்கிருமி உடம்பில் இருந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். தடுப்பு மருந்து ஏற்றாத உங்கள் ஊர்க்கோழிக்கு அது தொற்றினால் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். உங்கள் வீட்டோடு நிற்காமல் பக்கத்து வீட்டு விதவைத் தாயின் நான்கு கோழிகளையும் அது கொண்டுபோகும். தனிக் கூடு, தனிப் பாத்திரம், முதலில் பழைய கோழிகளுக்குத் தீன் வைத்துவிட்டுப் பிறகு புதியவற்றிடம் போவது, திரும்பும்போது கையையும் காலையும் சவர்க்காரமிட்டுக் கழுவுவது என்ற ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்.

இந்த மூன்று வாரமும் அந்தக் கோழிகளுக்குப் பள்ளிக்கூடக் காலமுமாகும். நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் பலவற்றை அவை அறியாது.

தண்ணீர்: பண்ணையில் குழாய் முனையைக் கொத்தினால் துளித் துளியாகத் தண்ணீர் வரும். சட்டியில் நிற்கும் தண்ணீரை அவை தண்ணீரென்று அறியாமலிருக்கலாம். வந்தவுடன் ஒவ்வொன்றின் சொண்டையும் மெதுவாகத் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள். ஒரு கோழி நாளொன்றுக்கு கால் லீற்றர் வரை குடிக்கும். கடும் வெயிலில் அதன் இரு மடங்கும் குடிக்கும். சட்டி நிழலில் இருக்க வேண்டும்.

தீன்: ஒன்றையொன்று கொத்தாதிருக்கப் பண்ணையில் சொண்டின் நுனியை வெட்டியிருப்பார்கள். வெட்டிய சொண்டால் தரையில் சிதறிய நெல்லைப் பொறுக்குவது கடினம். ஆகவே சற்று ஆழமான பாத்திரத்தில் தீனை நிரப்பி வையுங்கள். முதல் வாரம் பண்ணையில் தின்ற அதே முட்டைக்கோழித் தீனைக் கொடுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து வீட்டுத் தீனைச் சிறிது சிறிதாகக் கலக்கலாம். நீளமான புல்லைக் கட்டாகப் போட வேண்டாம்; பழக்கமில்லாத கோழியின் தீன்பையில் அது சிக்கிக் கொள்ளும். கீரையை நறுக்கிப் போடுங்கள்.

கொம்பு: ஏறிப் பழகாத கோழி உயரமான கொம்பிலிருந்து குதித்தால் கால் முறியும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு தடி போதும். மாலையானதும் கூட்டுக்குள் போக வேண்டும் என்பதும் அவற்றுக்குத் தெரியாது. மஃரிப் நேரத்துக்கு முன் பிள்ளைகளை அனுப்பி ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே விடச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் தாமாகப் பழகிவிடும்.

வெயில்: இறகில்லாத தோல் வெயிலில் சிவந்து புண்ணாகும். நிழல் வேண்டும். நிழலுக்குக் கீழே காய்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு குழியில் போட்டு வையுங்கள். முதல் இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். பிறகு ஒன்று இறங்கிப் புரளத் தொடங்கினால், மற்றவையும் இறங்கும். ஒன்றரை வருடம் ஒருமுறையும் செய்யாத வேலையை யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்வதைப் பார்க்கும்போது, படைத்தவன் அதனுள் வைத்த இயல்பை எந்தக் கம்பிக் கூட்டாலும் அழிக்க முடியவில்லை என்பது புரியும். பேன் தொல்லையைக் குறைக்கும் வைத்தியமும் அதுவே.

ஊர்க்கோழியோடு சேர்ப்பது எப்படி?

கோழிகளிடையே மூத்தது, இளையது என்ற ஒழுங்கு மிகக் கண்டிப்பானது. புதிதாக வருவதை வீட்டுக் கோழிகள் கொத்தி விரட்டும். இரத்தம் தெரிந்தால் எல்லாம் சேர்ந்து அந்த இடத்திலேயே கொத்தும். எனவே மூன்று வாரத்தின் பின், நடுவே கம்பி வலை மட்டும் இருக்க, இரு கூட்டத்தையும் ஒரு வாரம் பக்கத்தில் வையுங்கள். பிறகு இரவில், இருட்டியபின், புதியவற்றைப் பழையவற்றின் கூட்டுக்குள் விடுங்கள். காலையில் திறக்கும்போது இரண்டு மூன்று இடங்களில் தீனும் தண்ணீரும் இருக்க வேண்டும். சில நாள் சண்டை இருக்கும். இரத்தக் காயம் பட்டதை மட்டும் எடுத்துத் தனியே வைத்து ஆறவிடுங்கள்.

இரவுக் கூடு நிலத்திலிருந்து இரண்டு மூன்றடி உயர்த்திக் கட்டப்பட்டிருப்பது நம் பகுதிகளின் பழைய வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. கீரியும் மரநாயும் சாரைப்பாம்பும் இரவிலும் விடியலிலும் வருகின்றன. உடும்பு முட்டையையும் குஞ்சையும் தின்னும். அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை, இறுக்கமான கதவு, தவறாமல் பூட்டும் ஒரு கை ஆகிய மூன்றும் இருந்தால் பெரும்பாலான இழப்பைத் தவிர்க்கலாம். கூட்டில் வளர்ந்த கோழிக்கு பருந்தின் நிழலைக் கண்டு ஓடவும் தெரியாது. ஒதுங்குவதற்கு மரவள்ளியோ வாழையோ அடர்த்தியாக ஒரு மூலையில் இருக்கட்டும்.

தீனும் கணக்கும்

இப்போது இலாப நட்டக் கணக்கை ஒளிவு மறைவின்றிப் பார்ப்போம்.

ஐந்து கோழிகளுக்கு நாளொன்றுக்கு 575 கிராம் வீதம் வருடத்துக்கு 210 கிலோ தீன் தேவை. முட்டையோ வருடம் முழுவதும் வராது. வந்து சில காலத்தில் கோழி இறகு கழிக்கும். அந்த இரண்டு மூன்று மாதமும் முட்டை நின்றுவிடும். மேலும் பண்ணையில் 16 மணிநேரம் வரை விளக்கு எரியும். நம் நாட்டின் பகலோ ஏறக்குறைய 12 மணிநேரம்தான். வெளிச்சம் குறைந்தால் முட்டையும் குறையும். ஒன்பது மாதம், ஐந்து கோழிகளிலிருந்து நாளொன்றுக்கு மூன்று முட்டை வீதம் கிடைத்தால் வருடத்துக்கு 810 முட்டை. அதாவது ஒரு முட்டைக்கு 260 கிராம் தீன். நன்கு முட்டையிடும் இளம் பேட்டுக்கு ஒரு முட்டைக்கு 130 கிராமே போதும். பண்ணை ஏன் கழிக்கிறது என்பது இந்த இரண்டு எண்களிலும் அடங்கியிருக்கிறது.

உங்கள் ஊர்க் கடையில் 260 கிராம் தீனின் விலையையும் ஒரு முட்டையின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எல்லாத் தீனையும் மூட்டையில் வாங்கினால் மிச்சம் அதிகம் இருக்காது, நட்டமும் வரலாம். வளவு உதவினால்தான் இந்தக் கணக்கு உங்கள் பக்கம் சாயும். குறுநல், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, முருங்கைக் கீரை, பப்பாசிப் பழம், மீன் கழிவை வேகவைத்து எடுத்தது, கறையான், மண்புழு ஆகியவை செலவில் ஒரு பகுதியைக் குறைக்கும். ஆயினும் முட்டையிடும் கோழிக்குச் சோறும் தவிடும் மட்டும் போதாது. புரதமும் கல்சியமும் வேண்டும். ஒரு முட்டை ஓட்டில் மட்டும் ஏறக்குறைய இரண்டு கிராம் கல்சியம் உண்டு. கடலோரத்தில் உள்ளவர்கள் சிப்பியை இடித்து வையுங்கள். மற்றவர்கள் வீட்டு முட்டை ஓடுகளை வறுத்து நொறுக்கித் தனிச் சிரட்டையில் வைக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கையும் சோளத்தையும் ஒருபோதும் போடாதீர்கள். அதிலுள்ள நஞ்சு ஈரலைத் தாக்கிக் கொல்லும். உப்புக் கருவாட்டுக் கழிவும் ஆகாது.

2022இல் நாட்டில் வெளிநாட்டு நாணயம் இல்லாமல் தீன் விலை பன்மடங்கு ஏறியபோது பண்ணைகள் கோழிகளைக் குறைத்தன. முட்டைத் தட்டுப்பாடு ஏற்பட்டு, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டது. முட்டை வாங்க முடியாமல் பிள்ளைகளின் தட்டிலிருந்து அதை நீக்கிய தாய்மார் பலர். வளவில் நான்கு கோழி இருந்த வீட்டில் பிள்ளைக்கு வாரத்தில் சில முட்டையாவது கிடைத்தது. ரூபாயில் எழுதும் கணக்கில் இது வராது. எனினும் இதுவும் ஒரு கணக்குதான்.

குஞ்சு வேண்டுமானால்

கலப்பின முட்டைக்கோழி பெரும்பாலும் அடைக்கு இருக்காது. அந்தக் குணத்தை நீக்கியே அந்த இனத்தை உருவாக்கியிருக்கிறார்கள். ஊர்க்கோழியின் பெருமை இங்கேதான். வளவில் ஒரு சேவலும் அடைக்கு இருக்கும் ஊர்ப் பேடும் இருந்தால், பண்ணைக் கோழியின் முட்டையை அதன் கீழ் வைத்துக் குஞ்சு பொரிக்கலாம். பிறக்கும் குஞ்சு ஊர்க்கோழியை விட அதிகம் முட்டையிடக்கூடும். தாயைப் போல 300 முட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு வாரத்துக்கு மேற்படாத, நடுத்தர அளவான, ஓடு உறுதியான முட்டைகள் பத்து அல்லது பன்னிரண்டு வையுங்கள். ஏழாம் நாள் இரவில் டோர்ச் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல இரத்த நாளம் தெரிந்தால் கருவுண்டு. தெளிவாக இருந்தால் எடுத்துவிடுங்கள். இருபத்தோராம் நாள் குஞ்சு வரும். வயிற்றுக்குள் எஞ்சிய மஞ்சட்கரு முதல் இரண்டு நாளைக்கு உணவாகும். ஆகவே அவசரப்பட்டு ஓட்டை உடைத்துக் குஞ்சை வெளியே எடுக்க வேண்டாம்.

குஞ்சு இறப்பதே நம் ஊர்க்கோழி வளர்ப்பின் பெரிய நட்டம். காகமும் மழையும் இரத்தக் கழிச்சலும் சேர்ந்து, பத்துக் குஞ்சு பொரித்தால் இரண்டோ மூன்றோ மிஞ்சும் வீடுகள் பல. முதல் ஒரு மாதம் தாயையும் குஞ்சுகளையும் கவிழ்த்த கூடையிலோ வலைக் கூட்டிலோ வைத்து, குஞ்சுத் தீன் கொடுத்தால் இந்த நிலை பெரிதும் மாறும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போடுங்கள், குஞ்சு மூழ்காது. கூட்டின் அடியில் இடும் உமியோ மரத்தூளோ ஈரமாகாமல் பார்த்து மாற்றுங்கள். இரத்தக் கழிச்சல் ஈரத்தில்தான் பெருகும். பெரிய கோழியின் முட்டைத் தீனைக் குஞ்சுக்குக் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள மிகுதியான கல்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தெருவுக்கே ஒரு மருந்துக் குப்பி

றணிக்கட் நோய் என்றும் நியூகாசில் நோய் என்றும் சொல்லப்படும் கோழிக் கொள்ளைநோய் வந்தால் தடுப்பு மருந்து ஏற்றாத கூட்டத்தில் பத்தில் எட்டு, ஒன்பது கோழிகள் இறக்கலாம். பச்சைக் கழிச்சல், வாய் திறந்து மூச்சு விடுதல், கழுத்து முறுகுதல் என்பன அதன் அடையாளங்கள். வந்த பின் மருந்தில்லை. வருமுன் தடுக்க மருந்துண்டு. கண்ணில் ஒரு துளி விடும் வகையும் இருக்கிறது. உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். எந்த வயதில், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது என்பதை அவர்களே கூறுவார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு குப்பியில் நூறு கோழிக்கும் அதற்கு மேலும் போதுமான மருந்து இருக்கும். கரைத்த பின் சில மணிநேரத்துக்குள் பாவித்து முடிக்க வேண்டும். வெயில் படக் கூடாது. ஐஸ் போட்ட போத்தலில் கொண்டுவர வேண்டும். எட்டுக் கோழிக்காக ஒருவர் ஒரு குப்பி வாங்குவது வீண் என்று விட்டுவிடுகிறோம். பத்து வீட்டார் சேர்ந்தால் ஒரே மாலையில் தெருவிலுள்ள அத்தனை கோழிக்கும் போட்டு முடித்துவிடலாம். பள்ளிவாசல் மகளிர் குழுக்களும் கிராம சங்கங்களும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மாலையை இதற்கென ஒதுக்கினால் எத்தனை ஏழைத் தாய்மாரின் சிறு வருமானம் காப்பாற்றப்படும்! நோயுள்ள கோழிக்குத் தடுப்பு மருந்து போட வேண்டாம். சுகமாக இருக்கும்போதே போட வேண்டும்.

இங்கே வேதனையோடு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வளவில் இரண்டு கோழி தூங்கி விழத் தொடங்கியதும், "மிச்சத்தையாவது காசாக்குவோம்" என்று அன்றே சந்தைக்குக் கொண்டு செல்கிறோம். நோய் ஊர் ஊராகப் பரவும் வழிகளில் இது முக்கியமானது. குறையை மறைத்து விற்பது ஹலாலான வியாபாரமாகாது என்பது நாம் அறியாததல்ல. செத்த கோழியை வாய்க்காலிலோ பற்றைக்குள்ளோ எறியாமல், மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

முடிவு வரும்போது

கழித்த கோழிகள் எல்லாமே நீண்ட காலம் வாழும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில கோழிகள் சில மாதத்தில் போய்விடும். சில இரண்டு, மூன்று வருடம் இருக்கும். முட்டை நின்ற கோழியை வைத்திருப்பதா, அறுப்பதா என்பது உங்கள் வீட்டு நிலையைப் பொறுத்தது. உண்பதற்காக அறுப்பது நமக்கு ஆகுமாக்கப்பட்டதே. கத்தியைக் கூர்மையாக்கி, மற்றக் கோழிகள் காணாத இடத்தில், அதை வதைக்காமல் அறுங்கள். கண்டதையும் கிளறித் தின்னும் கோழியை மூன்று நாள் அடைத்து நல்ல தீன் கொடுத்த பின் அறுக்கும் வழக்கம் இப்னு உமர் (ரழி) அவர்களிடம் இருந்ததாக அறிவிக்கப்படுகிறது. இன்றும் அது சுகாதாரமான முறையாகும். மருந்து கொடுத்த கோழியானால், எத்தனை நாள் அதன் முட்டையையும் இறைச்சியையும் தவிர்க்க வேண்டும் என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். குணமாகாமல் வேதனைப்படும் கோழியைக் கூட்டின் மூலையில் நாள் கணக்கில் கிடக்க விடுவது மட்டும் எந்த வகையிலும் இரக்கமாகாது.

பிள்ளைகளிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். தண்ணீர்ச் சட்டியைக் கழுவி நிரப்புவது ஒருவர் வேலை, மாலையில் எண்ணிப் பார்த்துக் கதவைப் பூட்டுவது இன்னொருவர் வேலை. கோழியைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவவும் பழக்குங்கள். கோழி எச்சத்தில் வயிற்றோட்டக் கிருமிகள் இருக்கலாம்.

அடுத்த முறை ஊருக்குள் கோழி லொறி வரும்போது, வளவில் தனிக் கூடு தயாராக இருக்கிறதா, மூன்று வாரத் தீன் இருக்கிறதா, ஊர்க்கோழிக்குத் தடுப்பு மருந்து போட்டாயிற்றா என்று முதலில் உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால், ஐந்து கோழிகளை வாங்கி வாருங்கள். இல்லையென்றால் அன்று வாங்க வேண்டாம். முதலில் கூட்டைக் கட்டுங்கள். லொறி இன்னொரு நாளும் வரும்.